காஜாங் கண்ட மூன்று குடியேற்றங்கள்



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளும் அவள் கணவரும் கோலாலம்பூரில் பணிபுரிகிறார்கள். நான்கு வயதில் ஒரு மகள். ஒன்றரை வயதில் ஒரு மகன். "டீச்சர், காஜாங்குல ஒரு தரை வீடு பார்த்திருக்கோம். எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கம். வாங்கலாமா?" என்று கேட்டாள். வீட்டின் விலை, வங்கிக் கடன், நிலையத்துக்கு நடக்கும் தொலைவு என எல்லாவற்றையும் கணக்கிட்டு வைத்திருந்தாள். "விடியற்காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரைக்கும் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள்?" என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "அதை இனிமேதான் பார்க்கணும் டீச்சர்" என்றாள்.

அந்த விடைக்காக அவளை நான் குறை கூற மாட்டேன். 1996ஆம் ஆண்டில் ஐந்து வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் செந்தூலிலிருந்து காஜாங்கிற்கு நான் குடிவந்தபோது என்னிடமும் அதே விடைதான் இருந்தது. எனக்கும் முன்னால் என் தாயார் வந்தார்; அவருக்கும் முன்னால் என் பாட்டனார் தலைமுறை வந்தது. எண்ணிப் பார்த்தால், கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு பிள்ளைகளோடு நம்மவர்கள் இந்த வட்டாரத்திற்கு மூன்று முறை குடியேறியிருக்கிறார்கள். மூன்று முறையும் கூரையைத் தேடிக்கொண்டு வந்தோம். பிள்ளைகளின் பகல்பொழுதைப் பற்றிப் பிறகுதான் சிந்தித்தோம். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சந்தை நகரம் உருவான கதை

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றையொட்டி, கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் காஜாங் அமைந்துள்ளது. மலாய் மொழியில் 'காஜாங்' என்பது ஓலைகளைத் தைத்துப் படகுக்கும் வண்டிக்கும் மேலே போடப்படும் கூரைத் தட்டியைக் குறிக்கும் சொல். ஊருக்கு அப்பெயர் வந்த காரணம் பற்றிப் பல கதைகள் உண்டு. எந்தக் கதை உண்மையாயினும், நிலையான கட்டடத்தின் பெயரன்று அது. வழிப்போக்கனின் தற்காலிகக் கூரையின் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுற்றுவட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களும் காப்பித் தோட்டங்களும் இருந்தன. சுமத்திராவிலிருந்து வந்த மண்டாய்லிங் மக்களும் சீனர்களும் இங்குக் குடியேறியிருந்தனர். மண்டாய்லிங் மக்களின் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் நகரின் நடுவே உள்ளது. சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்களுக்கு அரிசி, உப்பு, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டியிருந்தன. அவற்றை விற்க ஒரு கடைவீதியும் ஒரு சந்தையும் எழுந்தன. ஆக, சுற்றியிருந்த காட்டிலும் மேட்டிலும் பாடுபட்டவர்களின் தேவையிலிருந்து பிறந்த சந்தை நகரம் காஜாங்.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே சென்ற இரயில் பாதை 1897ஆம் ஆண்டில் காஜாங்கை எட்டியது. 1903இல் அது சிரம்பானோடு இணைந்தது. அக்காலத்தில் நம்மவர்கள் அதைக் 'கம்பிச் சடக்கு' என்றே அழைத்தனர். சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை கம்பிச் சடக்கு! சரக்கை ஏற்றிச் செல்லப் போட்ட அந்தப் பாதை, நூறாண்டு கழித்து இந்நகரின் பெற்றோர்களை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

முதல் குடியேற்றம்: தோட்டத்திற்கு

மலாயாவின் இரப்பர் வரலாற்றில் காஜாங்கிற்குத் தனி இடம் உண்டு. 1895ஆம் ஆண்டில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கில் இருந்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில் வணிக நோக்கோடு இரப்பரை நட்டனர். இந்நாட்டில் வணிக அடிப்படையில் நடப்பட்ட தொடக்க கால இரப்பர்களில் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. காப்பி பயிரிட்டவர்கள் இரப்பருக்கு மாறினர். மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருகக் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் தேவைப்பட்டனர். கங்காணி முறையின் வழியாகவும், 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் வழியாகவும் ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்து வந்தனர். முதலில் தனி ஆடவர்களே மிகுதி. 1920களில் மனைவி மக்களோடு வருவோர் பெருகினர்.

குடும்பங்கள் வந்தவுடன் தோட்ட நிருவாகங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. தாயும் பால் வெட்டப் போக வேண்டும். அப்படியானால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அதற்குக் கிடைத்த விடைதான் ஆயாக்கொட்டகை. லயத்திற்கு அருகே ஒரு கொட்டகை. உள்ளே வரிசையாகச் சேலைத் தூளிகள். வெட்டு வேலைக்குப் போக இயலாத மூத்த பெண்மணி ஒருவர் ஆயா. விடியற்காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் தாய்மார்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுச் செல்வார்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. இது தமிழின்மேல் கொண்ட பற்றினால் வந்த சட்டமன்று. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால் பெற்றோர் தோட்டத்தைவிட்டுப் போக மாட்டார்கள் என்னும் கணக்கும் அதில் இருந்தது. பல இடங்களில் ஒரே ஆசிரியர். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். ஆறாம் வகுப்பைத் தாண்டினால் அப்பால் வழியில்லை. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பால்வாளி தூக்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆயாக்கொட்டகையிலும் ஈ மொய்க்கும், வயிற்றுப்போக்கு வரும், குழந்தைகள் இறந்ததும் உண்டு. எனவே, அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் என்னை எழுதச் சொல்ல வேண்டா.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் நிரைக்கும் ஆயாக்கொட்டகைக்கும் இடையே நடந்துபோகும் தொலைவுதான் இருந்தது. நண்பகலுக்குப் பிறகு பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பிவிடுவார். ஆயா பேசியது தமிழ், தாலாட்டியது தமிழில், திட்டியதும் தமிழில்! அங்கிருந்து எழுந்து நடந்த பிள்ளை நேரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் போய் உட்கார்ந்தது. இவற்றுள் எதையும் எந்தப் பெற்றோரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு வழியில்லாமையே தமிழுக்கு வேலியாக இருந்தது.

இரண்டாம் குடியேற்றம்: தோட்டத்திலிருந்து நகருக்கு

அந்த வேலி 1950களில் சரியத் தொடங்கியது. நாடு விடுதலை பெறும் காலத்தை ஒட்டி வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். இதைத் 'தோட்டத் துண்டாடல்' என்று வரலாற்றில் படிக்கிறோம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும் பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. பின்னர், ஆள்பலம் குறைவாகத் தேவைப்படும் செம்பனை இரப்பரின் இடத்தைப் பிடித்தது. அதற்கும் பின்னர் நிலமே நகரமாயிற்று. காஜாங்கிற்குத் தெற்கே பண்டார் பாரு பாங்கி எழுந்தது. 1977இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பாங்கி வளாகத்திற்கு வந்தது. 1995இல் பிராங் பெசார் தோட்டத்தில் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது.

தோட்டத்து மக்களுக்கு நேர்ந்த இழப்பின் தன்மையை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் ஆயாக்கொட்டகையும் பள்ளியும் கோயிலும் ஒரே நாளில் தொலைவாகிவிடும். ஓர் ஆலை மூடப்பட்டால் அங்குள்ள தொழிலாளி வேலையை இழப்பார். தோட்டம் மூடப்பட்டால் தொழிலாளி ஊரையே இழப்பார்.

எங்கள் குடும்பம் 1974இல் அப்படி வெளியேறியது. எனக்கு வயது பன்னிரண்டு. ஆறாம் வகுப்பை முடித்திருந்தேன். என் தம்பிக்கு நான்கு வயது. காஜாங் நகரத்தின் ஓரத்தில் ஒரு பலகை வீட்டை அப்பா வாடகைக்கு எடுத்தார். அதுவரை காஜாங் எங்களுக்குச் சம்பளத்துக்கு மறுநாள் போகும் சந்தை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கருவாட்டுக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடந்த இடம். அந்தச் சந்தையின் முதுகுப்புறம் எங்களுக்கு வீடாயிற்று.

அம்மா ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நான் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பிற்பகல் வகுப்பு என்பதால் காலையில் தம்பியை நான் பார்த்துக்கொள்வேன். நான் பள்ளிக்குக் கிளம்பிய பின் அம்மா திரும்பி வரும்வரை அவன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பான். நகரத்தில் ஆயாக்கொட்டகை இல்லை. அதைக் கட்டச் சொல்லி எந்த முதலாளியையும் கேட்கவும் முடியாது. தம்பிக்கு ஏழு வயதானபோது நாங்கள் படித்த தோட்டப்பள்ளி பல மைல் தொலைவில் இருந்தது. கொண்டுபோய் விட ஆளில்லை. வீட்டுக்கு மிக அருகே எந்தப் பள்ளி இருந்ததோ அதில் அப்பா அவனைச் சேர்த்தார். அது தமிழ்ப்பள்ளி அன்று.

என் தம்பி நன்றாகப் படித்தான்; நல்ல பணியில் இருக்கிறான்; வீட்டில் தமிழ் பேசுகிறான். ஆனால், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் எழுதும் இக்கட்டுரையைக்கூட நான்தான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எட்டு ஆண்டு வயது வேறுபாடுள்ள அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே, ஒரு வீடு மாறியதால் விழுந்த கோடு இது. அப்பா தமிழை வேண்டாம் என்று முடிவு செய்தாரா? இல்லை. அவர் எந்த முடிவும் செய்யவில்லை. தொலைவு அவருக்காக முடிவு செய்துவிட்டது.

மூன்றாம் குடியேற்றம்: தலைநகரிலிருந்து இரயிலடிக்கு

1995இல் கே.டி.எம். கொமுட்டர் மின்தொடர்வண்டிச் சேவை தொடங்கியது. ரவாங்கிற்கும் சிரம்பானுக்கும் இடையே ஓடிய அவ்வண்டி காஜாங்கில் நின்றது. பழைய கம்பிச் சடக்கின் வழியே புதிய வாழ்க்கை முறை ஒன்று வந்து இறங்கியது. இரவு காஜாங்கில், பகல் கோலாலம்பூரில். தலைநகரில் சிறு அடுக்குமாடி வீடுகூட எட்டாத விலையில் இருந்தவர்களுக்கு, இங்கே ஒரு தரை வீடு கிடைத்தது. தாமான்கள் பெருகின, காஜாங்கும் செமினியும் பாங்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. 2017ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் எம்.ஆர்.டி. வண்டியும் காஜாங் வரை வந்தது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி உலு லங்காட் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சம். சாத்தே விற்கும் சந்தை நகரம் தலைநகரின் படுக்கையறை ஆகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1996இல் வந்த எங்களைப் பற்றிச் சொல்கிறேன். என் கணவர் கோலாலம்பூருக்கு நாள்தோறும் கொமுட்டரில் போய்வந்தார். நான் வேறோர் ஊரின் தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிப் போனேன். வீட்டைப் பார்க்க மூன்று முறை வந்தோம். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தோம். கூரையில் ஒழுக்கு உண்டா என்று பார்த்தோம். பிள்ளைகளை விட இடம் தேடியதோ குடிவந்த வாரத்தில்தான்! இரண்டு வீடு தள்ளி ஒரு மலாய்க்காரப் பெண்மணி குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அன்பானவர், தூய்மையானவர், என் மகனைத் தம் பேரனைப் போல் வைத்திருந்தார். காலை ஐந்தே முக்காலுக்கு விட்டு, மாலை ஆறரைக்கு அழைத்து வருவோம்.

ஓராண்டு கடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வயது மகன் என்னிடம் வந்து "நாக் சூசு" என்றான். பால் வேண்டுமாம். "பால் வேணும்னு சொல்லு" என்றேன். அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். பிறகு அதே சொற்களை இன்னும் உரக்கச் சொன்னான். அன்றைக்கு அவனிடம் பேசிப் பார்த்தேன். நான் பேசுவது பாதிதான் புரிகிறது என்று தெரிந்தது. மலாய் அறிவது நன்மையே. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு வரும் ஆசிரியையின் மகனுக்குப் 'பால்' என்னும் சொல் தெரியவில்லை. கணக்குப் பார்த்தேன். வேலை நாள்களில் அவன் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் எங்களோடு இருந்தான். அந்த ஒன்றரை மணி நேரத்திலும் குளியல், சோறு, துணி மடிப்பு!

குறை அந்தப் பெண்மணியிடம் இல்லை. அவர் தம் மொழியில் பிள்ளையைக் கொஞ்சினார். ஆயாவும் அதைத்தானே செய்தார்? மொழியை மாற்றியது அவர் அல்லர். பதின்மூன்று மணி நேரப் பகல்பொழுதை எண்ணிப் பார்க்காமல் வீடு வாங்கிய நாங்கள்.

என் தாயார் அதன்பின் எங்களோடு வந்து தங்கினார். ஒருநாள் மாலை அவரிடம் என் மனக்குறையைச் சொல்லி அழுதேன். அவர் சொன்ன விடையை இன்றும் மறக்கவில்லை. "தோட்டத்துல உன்னத் தமிழ்ல வளக்கணும்னு நான் நெனச்சதே இல்லம்மா. அங்க வேற பேச்சே கெடையாது. இங்க நீ நெனச்சாத்தான் உண்டு."

எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் நூறாண்டு வரலாற்றை மூன்று வரியில் சொல்லிவிட்டார். பாட்டியின் மடியில் ஆறு மாதம் இருந்தபின் மகனுக்குத் தமிழ் திரும்பியது. அந்தப் பாட்டி வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

பள்ளி ஓரிடம், பிள்ளை வேறிடம்

ஆசிரியர்கள் அறிந்த எண்களை இங்கே மறுபடியும் எடுத்துப் பார்ப்போம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; அவற்றில் ஏறத்தாழ 50 ஆயிரம் மாணவர்கள் படித்தனர். 2010ஆம் ஆண்டில் பள்ளிகள் 523. மாணவர்கள் ஓர் இலட்சத்திற்கும் மேல். பள்ளிகள் முந்நூற்றுக்கும் மேல் குறைந்தன. மாணவர்களோ இருமடங்காகப் பெருகினர்! தோட்டத்தில் சிதறிக் கிடந்த சிறு பள்ளிகள் மறைந்தன. நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் நிரம்பினர். இரண்டாம் குடியேற்றத்தின் வரலாறு முழுவதும் இந்த நான்கு எண்களில் அடங்கியிருக்கிறது.

அந்த ஓர் இலட்சம் அதன்பின் ஆண்டுதோறும் குறைந்துவந்துள்ளது. நம் குடும்பங்களில் பிள்ளைப்பேறு குறைந்தது பெரியதொரு காரணம். அது மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலாம் ஆண்டுப் பதிவு நாள்களில் பெற்றோர் பலர் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். "தமிழ்ப்பள்ளி வேண்டாம்" என்று சொன்னவர்கள் மிகச் சிலர். "ஒரு மணிக்குப் பள்ளி விட்டா, ஏழு மணி வரைக்கும் புள்ள எங்க டீச்சர் இருப்பான்?" என்று கேட்டவர்களே பலர். அவர்களுக்கு விடை கிடைக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினார்கள். என் அப்பா செய்ததும் அதுதானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே இடம் மாறி நிற்கும் நம் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்றும் 'தோட்டம்' என்னும் சொல் இருக்கிறது. சுற்றிலும் ஒரு பால்மரம்கூட இராது! அந்தப் பள்ளிகள் பிள்ளைகளைத் தேடி வந்தவை. பெற்றோரும் மேலாளர் வாரியத்தினரும் ஆசிரியர்களும் பல்லாண்டு மனுப் போட்டு, நிலம் கேட்டு, உரிமத்தோடு இடம் மாற்றிய பள்ளிகள். அன்று சட்டம் பள்ளியைப் பிள்ளையிடம் கொண்டுவந்தது. பின்னர் சமுதாயம் கொண்டுவந்தது. இன்று பெற்றோர் தாமே முயன்று வீட்டைப் பள்ளிக்கு அருகே கொண்டுபோக வேண்டிய காலம்.

வீடு மாறும் பெற்றோர்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வீட்டைப் பார்க்கும் முன், உங்கள் பிள்ளையின் ஒரு நாளை மணிக்கணக்காகத் தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறது, யார் சோறு ஊட்டுகிறார்கள், பிற்பகலில் எங்கே தூங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எழுத முடியாத மணிகள் இருந்தால், அந்த வீட்டை இன்னும் வாங்க வேண்டா.

2. நிலையத்திற்கு உள்ள தொலைவைப் பெரியவர்கள் நடந்துவிடலாம். பள்ளிக்கும் பராமரிப்பாளருக்கும் உள்ள தொலைவைத்தான் பிள்ளை நாள்தோறும் சுமக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

3. பராமரிப்பாளரின் தூய்மையையும் அன்பையும் பார்ப்பதுபோல் அவர் பேசும் மொழியையும் பாருங்கள். தமிழ் பேசும் ஒருவர் கிடைக்காவிட்டால், வீட்டில் உள்ள அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தமிழுக்கென்றே ஒதுக்குங்கள். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ ஏற்கும் மையம் சமூகநலத் துறையிடம் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்கத் தயங்காதீர்கள்.

4. குடிவருவதற்கு முன்னரே அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போங்கள். பாலர்பள்ளி வகுப்பு உண்டா, பள்ளி வேன் எந்தத் தாமான்களுக்குப் போகிறது, பிற்பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யாரேனும் உள்ளனரா என்று அலுவலகத்திலும் பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார்களிடமும் கேளுங்கள். வாசலில் கிடைக்கும் செய்தி பல வேளைகளில் அலுவலகத்தில் கிடைக்காது.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குடிவரும் இளம் பெற்றோர் நம் பள்ளி வாசலில் முதலில் கேட்பது தேர்வு விழுக்காட்டை அன்று, பிற்பகலைப் பற்றித்தான். பள்ளிக்கு அருகே வாழும் ஓய்வுபெற்ற அம்மையார்கள், வீட்டிலிருக்கும் தாய்மார்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வைத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள்! பழைய ஆயாக்கொட்டகையின் அழுக்கு நமக்கு வேண்டா. அதன் அருகாமை மட்டும் போதும்.

இறுதியாக, என் மாணவியின் செய்தி. இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடியும் அழைத்தாள். நிலையத்திற்கு அருகிலிருந்த வீட்டை விட்டுவிட்டார்களாம். தமிழ்ப்பள்ளிக்குப் பத்து நிமிட நடையில், சற்றே பழைய வீடொன்றைப் பேசி முடித்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட ஓர் அம்மா இருக்கிறார். மகனைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாராம். நிலையத்துக்கு இனி மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் சிரமம்தான் என்றாள்.

"அந்த அம்மா எப்படிப் பேசுறாங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத் திட்டுறாங்க டீச்சர்" என்று சிரித்தாள்.

எனக்கு மனம் நிறைந்தது. அன்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட குடியேற்றங்கள் நடந்திருக்கும். அவற்றைக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். "அப்போ எங்களை யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத நம் வரலாறு அந்த ஒரு கேள்விக்கு விடையாக வரும்.